நான்காவது பீரியட்

பிப்ரவரி.
கரையிலிருந்து இரண்டு மைல் வரை ஏரி உறைந்து கிடக்கிறது.
பாடத் தேர்வுப் படிவம் மூன்று தாள்:
வெள்ளை பள்ளிக்கு, மஞ்சள் வீட்டுக்கு,
இளஞ்சிவப்பு எனக்கு.
அழுத்தி எழுது, என்றார் திருமதி டுப்ரே,
கடைசித் தாள் வரை இறங்க வேண்டும்.

அவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.
ஆளுக்குப் பதினோரு நிமிடம்.
என்னுடையதில் இரண்டு
அவர் பூட்ஸின் பனியைத் தட்டுவதில் போயிற்று.
"உன் பள்ளியில் இருப்பதிலேயே கடினமானதை
எடுத்திருக்கிறாயா என்றுதான் பார்ப்பார்கள்."
பார்ப்பார்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை.
ஆன் ஆர்பரிலோ அதற்கும் கிழக்கேயோ
ஒரு மேசை, ஆறிப்போன காபி,
என் பெயரருகே தயங்கும் ஒரு விரல்.
கொய்விஸ்டோ. ஐலா கொய்விஸ்டோ.
பயப்பட வேண்டாம், எழுதியிருப்பது போலத்தான்.

ஐந்து கட்டங்கள் தாமாகவே நிரம்பின.
ஆறாவதில் சிக்கல்.
சின்னப் பள்ளி எங்களுடையது,
எதுவும் ஒரு முறைதான் நடக்கும்.
ஏ.பி. வேதியியலும் நான்காவது பீரியட்,
இசைக்குழுவும் நான்காவது பீரியட்.

இனி கணக்கு.
ஏ.பி. பாடத்தில் 'ஏ' என்றால் ஐந்து.
இசைக்குழுவில் 'ஏ' என்றால் நான்கு, அவ்வளவுதான்.
ஐந்து ஐந்துகளோடு ஒரு நான்கு,
இருபத்தொன்பதை ஆறால் வகுத்தால்
நான்கு புள்ளி எட்டு மூன்று.
அதாவது,
ஒரு சுரம் பிசகாமல் நான் வாசித்தாலும்
வாசித்ததற்காகவே கீழே இறங்குவேன்.

வெஸ்டன் போன வருடமே டிராம்போனை விற்றுவிட்டான்.
ஐந்துக்கு ஐந்து அவனுக்கு.
நேற்று உணவுக்கூடத்தில்
பாதி உரித்த ஆரஞ்சு கையிலிருக்க
உட்கார்ந்தபடியே தூங்கினான்.
யாரும் எழுப்பவில்லை.

என்னுடையது பஸூன்.
என்னுடையது என்ன, பள்ளியுடையது, ஒன்றே ஒன்று.
எட்டடிக் குழாயை நடுவில் மடித்த மரம்.
தும்மும் வாத்து என்பான் என் தம்பி.
அதற்காக அரங்கில் ஒருவரும் கைதட்டியதில்லை.
ஆனாலும் வரலாற்றுக் கட்டுரை எழுதும்போதெல்லாம்
அதன் நாணல் பட்டை என் வாயில் ஊறிக்கொண்டிருக்கும்,
எதை எழுதினாலும் கொஞ்சம் மூங்கில் வாசனை.

இசைக்குழு என்று எழுதினேன். அழித்தேன்.
வேதியியல் என்று எழுதினேன். அழித்தேன்.
மறுபடி இசைக்குழு.

அப்பா கையெழுத்துப் போட்டது
பனி வாரும் லாரியின் முகப்பில் வைத்து,
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
படிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்:
தேர்வுக் கட்டணம் எத்தனை பாடத்துக்கு,
ஐந்தா, ஆறா?
ஆறு, என்றேன்.

அப்படித்தான் முடிவாயிற்று.
நானும் அப்போதுதான் கேட்டேன் அதை.
லாரியின் கதவில் தாளை அணைத்து
கடைசி முறையாக அழித்து எழுதினேன்.

அழித்தது வெள்ளைத் தாளில் போய்விட்டது.
இளஞ்சிவப்பில் போகவில்லை.
அங்கே வேதியியலுக்கு அடியில் இசைக்குழு,
அதற்கும் அடியில் இன்னொரு வேதியியல்,
குளத்து மீன்கள்போல ஒன்றின்மேல் ஒன்று.

செப்டம்பர்.
வேதியியல் கூடத்துக்கும் இசையறைக்கும் நடுவே
ஒற்றைச் சுவர்.
பியூரெட்டின் திருகை விரலால் பிடித்திருக்கிறேன்.
குடுவையில் நிறமில்லை, நிறமில்லை, இன்னும் இல்லை,
பிறகு எந்தச் சொட்டோ தெரியவில்லை,
மொத்தமும் சிவக்கிறது.
எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் சங்கடம்.
பிடிக்காமல் போயிருந்தால்
யாரையாவது குறை சொல்லியிருக்கலாம்.

சுவருக்கு அப்பால் நாற்பத்தோராவது அளவு வருகிறது.
அங்கிருந்து நான்கு அளவு பஸூன் மட்டும்.
வெர்னர் சார் அதை வேறு கருவிக்குக் கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
முப்பது பேர் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறார்கள்,
பிறகு கிளாரினெட்டுகள் நுழைகின்றன, சரியான இடத்தில்.

என் உதடு அசைந்திருக்க வேண்டும்.
என்ன எண்ணுகிறாய், என்கிறாள்
பக்கத்துக் குடுவைக்காரி மெரிடித்.

சொட்டு, என்கிறேன்.